ஜப்பானுக்கு வரும் தமிழர்கள் பாகுபாடு பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகள்

டோக்கியோவின் எடோகவா வார்டில், நிஷி-கசாய் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். 2000-ஆம் ஆண்டுக் கணினிப் பிரச்சினையைச் சரிசெய்ய வந்த இந்தியப் பொறியாளர்கள் குடியேறத் தொடங்கிய பகுதி இது. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் முதலில் பொன்னி அரிசி எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். கொஞ்ச நாள் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறு மாதிரிக் கேள்விகள் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை, அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரே வார்த்தையில சொல்லுங்க, ஜப்பான்ல இனவெறி இருக்கா இல்லையா?

இருக்கிறது. ஆனால் முகத்துக்கு நேரே கத்துகிறவர் அபூர்வம். தலையைக் குனிந்து, மன்னிப்புக் கேட்டு, "இது கொஞ்சம் சிரமம்" என்று சொல்லி வாசலிலேயே அனுப்பிவிடுவார்கள். மறுத்தார்களா, மரியாதை செய்தார்களா என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைக்கும்.

2024 முடிவில் ஜப்பானில் வசித்த வெளிநாட்டவர் சுமார் 37.7 லட்சம் பேர். மக்கள்தொகையில் ஏறத்தாழ 3 சதவீதம். அதில் இந்தியர்கள் ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். அதாவது, ஏராளமான ஜப்பானியர்கள் வெளிநாட்டவர் ஒருவரைப் பக்கத்து வீட்டுக்காரராகப் பார்த்ததே இல்லை. தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இது பாதி விளக்கம். அதற்காக மறுப்பு நியாயமாகிவிடாது.

ராத்திரி தனியா நடந்து போகலாமா? யாராவது அடிப்பாங்களா?

தாராளமாகப் போகலாம். கடைசி ரயிலில் இறங்கி, காதில் பாட்டு ஓட வீட்டுக்கு நடக்கிற பழக்கம் இங்கே வந்த எல்லோருக்கும் வந்துவிடுகிறது. நிறத்தைப் பார்த்துத் தெருவில் அடிப்பது இங்கே மிக மிக அரிது.

வசவு உண்டு. குடித்துவிட்டு ரயிலில் உளறுகிற ஆசாமி, ஒலிபெருக்கி கட்டிய வேனில் தேசபக்தி முழங்கிக்கொண்டு போகும் வலதுசாரிக் கூட்டம், இரண்டையும் பார்ப்பீர்கள். டோக்கியோவின் கொரியர் பகுதியான ஷின்-ஓகுபோவில் 2013 வாக்கில் கொரியர்களுக்கு எதிராக மோசமான ஊர்வலங்கள் நடந்தன. அந்த வெறுப்பின் முதல் இலக்கு நாமல்ல. தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்து வளர்ந்த கொரியர்களும் சீனர்களும்தான்.

வீடு கேட்டா "வெளிநாட்டுக்காரங்களுக்கு இல்லை"னு நேராவே சொல்வாங்களாமே, நிஜமா?

நிஜம். இந்தப் பக்கத்தில் நான் அதிகம் எழுதப் போவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் வந்த மாதமே இதில்தான் அடி விழும். 2016-இல் நீதி அமைச்சகம் 18,500 வெளிநாட்டவருக்குக் கேள்வித்தாள் அனுப்பியது. 4,252 பேர் பதில் எழுதினார்கள். அதற்கு முந்தைய ஐந்தாண்டில் வீடு தேடியவர்களில் சுமார் 39 சதவீதம் பேருக்கு வெளிநாட்டவர் என்ற காரணத்தாலேயே வீடு மறுக்கப்பட்டிருந்தது. ஜப்பானிய ஜாமீன்தாரர் இல்லை என்பதால் மறுக்கப்பட்டவர்கள் 41 சதவீதம். இது அரசாங்கமே எடுத்த கணக்கு.

நடைமுறையில் எப்படி இருக்கும் தெரியுமா? ஏஜென்ட் கணினியில் வரிசையாக வீடு காட்டுவார். பிடித்ததைச் சொன்னதும் நம் எதிரிலேயே உரிமையாளருக்குப் போன் போடுவார். "வெளிநாட்டு வாடிக்கையாளர், இந்தியர், நிறுவனத்தில் வேலை, ஜப்பானிய மொழி கொஞ்சம் பேசுவார்" என்று ஒரே மூச்சில் சொல்வார். அப்புறம் "ஹாய்... ஹாய்... ஆ, அப்படியா" என்று குரல் இறங்கும் (ஜப்பானிய மொழியில் "ஹாய்" என்றால் "சரி"). போனை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே வைத்துக் காட்டுவார். கூடவே ஒரு சங்கடச் சிரிப்பு. பிறகு அடுத்த வீட்டுக்கு அடுத்த போன். நாம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து நம்மைப் பற்றிய மறுப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நம்ம சமையல் வாசனைதான் காரணம்னு சொல்றாங்களே?

அதுவும் ஒரு காரணம். தாளிப்பும் மீன் குழம்பும் சுவர்க் காகிதத்தில் ஏறிவிட்டால் அதை மாற்றும் செலவு யாருடையது என்று உரிமையாளர் யோசிக்கிறார். குப்பையை நாள் பார்த்துப் பிரித்துப் போடாதது, ராத்திரி பத்து மணிக்கு மேல் கூட்டம் கூடிச் சத்தம் போடுவது, சொல்லாமல் கொள்ளாமல் நாட்டை விட்டுப் போய்விடுவது, ஒருவர் பேரில் எடுத்து நான்கு பேர் தங்குவது என்று மற்ற புகார்களும் உண்டு. இதில் சிலவற்றை நம் ஆட்கள் செய்திருக்கிறார்கள், மறைக்க வேண்டாம்.

ஆனாலும், முன்பு குடியிருந்த ஒருவர் செய்ததற்காக அடுத்து வருகிற அத்தனை பேருக்கும் கதவைச் சாத்துவதற்குப் பெயர் பாகுபாடுதான். வாடகை பாக்கி வைத்துவிட்டு ஓடிய ஜப்பானியர்களும் இருக்கிறார்கள். அதற்காக யாரும் "ஜப்பானியருக்கு வீடு இல்லை" என்று எழுதுவதில்லையே.

அப்போ வீடு எப்படித்தான் கிடைக்கும்?

யுஆர் வீடுகளை முதலில் பாருங்கள். அரசு சார்ந்த நகர மறுசீரமைப்பு நிறுவனம் நடத்தும் அடுக்குமாடிகள் அவை. ஜாமீன்தாரர் வேண்டாம், தரகு இல்லை, திரும்ப வராத "ரெய்கின்" பணம் இல்லை, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கட்டணம் இல்லை. முறையான வசிப்புரிமையும் போதிய வருமானமும் இருந்தால், எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை. பொதுவாக வாடகையைப் போல நான்கு மடங்கு மாத வருமானம் கேட்பார்கள். வாடகை உயர உயரக் கணக்கு மாறும். முன்பணமாக இரண்டு மாத வாடகை. நிஷி-கசாயில் இந்தியர்கள் இவ்வளவு பேர் சேர்ந்ததற்கு இந்த யுஆர் கட்டடங்களும் ஒரு முக்கியக் காரணம்.

தனியார் வீடு என்றால் இப்போது பெரும்பாலும் ஜாமீன் நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். மாத வாடகையில் பாதி முதல் முழு வாடகை வரை ஒருமுறைக் கட்டணம் வாங்கிக்கொண்டு அவர்கள் பொறுப்பேற்பார்கள். அலுவலகமே தன் பெயரில் வீடு எடுத்துத் தருமா என்பதையும் வேலைக் கடிதம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஏஜென்ட்டிடம், "வெளிநாட்டவருக்குச் சரி என்று சொன்ன உரிமையாளர்களின் வீடுகளை மட்டும் காட்டுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அந்தப் போன் படலம் மிச்சம். கௌரவம் பார்த்துக் கேட்காமல் இருப்பவர்கள் ஒரு முழு சனிக்கிழமையை இழக்கிறார்கள்.

பேங்க்ல கணக்கு தர மாட்டேன்னுட்டாங்க. இதுவும் இனவெறிதானே?

அநேகமாக இல்லை. ஜப்பானின் அந்நியச் செலாவணிச் சட்டப்படி, இங்கே வேலையில் இல்லாத வெளிநாட்டவர் முதல் ஆறு மாதம் "வசிக்காதவர்" கணக்கில்தான் வருவார். அதனால் வங்கிகள் கணக்கு மறுக்கும், அல்லது சில வசதிகள் இல்லாத கணக்குத் தரும். உள்ளூர் நிறுவனத்தில் வேலையில் சேர்ந்துவிட்டால் முதல் நாளிலிருந்தே நீங்கள் வசிப்பவர். இதைக் கவுண்ட்டரில் இருப்பவரே சில சமயம் மறந்துவிடுவார். வேலைச் சான்றை எடுத்து நீட்டுங்கள்.

கடன் அட்டை மறுப்பும் பெரும்பாலும் இந்த வகைதான். இங்கே உங்களுக்குக் கடன் வரலாறே கிடையாது. ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பித்துக் கிடைத்தவர்கள் நிறையப் பேர். எல்லாவற்றையும் இனவெறிக் கணக்கில் எழுதினால், உண்மையான மறுப்பு வரும்போது யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

ரயில்ல நெரிசலா இருந்தாலும் என் பக்கத்து சீட்ல யாரும் உட்கார மாட்டேங்கிறாங்க. என்கிட்ட ஏதாவது நாத்தமா?

உங்களிடம் ஒன்றுமில்லை. அமெரிக்கர், நைஜீரியர், பிரேசில்காரர் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். நீங்கள் ஏதாவது பேச்சுக் கொடுத்தால் பதில் தெரியாதே என்ற பயத்தில் ஒதுங்குகிறவர்கள் பாதிப் பேர் என்று நினைக்கிறேன். மீதிப் பாதியைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல எண்ணம் இல்லை.

இதற்குச் சட்டமும் கிடையாது, புகாரும் கிடையாது. ஜன்னல் ஓரம் பார்த்து உட்காருங்கள், பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். காலியான சீட்டில் பை வைப்பதுதான் இங்கே நிஜமான குற்றம்.

போலீஸ் என்னை மட்டும் நிறுத்தி கார்டு கேக்குறார். காட்டணுமா?

காட்டித்தான் ஆக வேண்டும். 16 வயதுக்கு மேற்பட்ட, நீண்டகால விசாவில் இருக்கும் வெளிநாட்டவர் ஸைர்யூ கார்டு எனும் வசிப்பு அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். பணியில் இருக்கும் காவலர் கேட்டால் காட்ட வேண்டும். வைத்திருக்காவிட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. மாடியிலிருந்து குப்பை கொட்ட இறங்கும்போதும் பர்ஸை எடுத்துக்கொண்டே போங்கள்.

பையைத் திறந்து காட்டச் சொன்னால் அது வேறு. வழியில் நிறுத்தி விசாரிப்பதும் சோதிப்பதும் உங்கள் ஒப்புதலின் பேரில்தான் என்பது காவலர் கடமைச் சட்டத்தின் அடிப்படை. ஏன் நிறுத்தினீர்கள் என்று பணிவாகக் கேட்கலாம். காவலரின் அடையாளப் புத்தகத்தைக் காட்டச் சொல்லலாம். கேட்டால் அவர் காட்ட வேண்டும். குரலை உயர்த்தாதீர்கள், கையைத் தட்டிவிடாதீர்கள். அப்புறம் சைக்கிளில் திருட்டுத் தடுப்புப் பதிவு வில்லை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சைக்கிளை நண்பரிடம் வாங்கிப் பேர் மாற்றாமல் ஓட்டி, அரை மணி நேரம் நடுத்தெருவில் நின்றவர்கள் நம் ஆட்களில் உண்டு.

முகத்தைப் பார்த்து நிறுத்துவது நடப்பதே இல்லை என்று இப்போது காவல்துறையாலும் சொல்ல முடியாது. 2021-இல் நடந்தவற்றில் ஆறு சம்பவங்களில் அப்படித் தகாத முறையில் விசாரித்ததாகத் தேசியக் காவல் முகமையே 2022-இல் ஒப்புக்கொண்டது. ஆறே ஆறு என்பதை நான் நம்பவில்லை. 2024 ஜனவரியில் மூன்று பேர் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் அரசின் மீது வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் பாகிஸ்தானில் பிறந்து ஜப்பானியக் குடிமகனானவர்.

"ஜப்பானியருக்கு மட்டும்"னு போர்டு வெச்சா அது சட்டப்படி செல்லுமா?

போர்டைக் கழற்ற வைக்க நேரடிச் சட்டம் இல்லை. ஆனால் அப்படி மறுக்கப்பட்டவர்கள் நஷ்டஈட்டு வழக்குப் போட்டு வென்றிருக்கிறார்கள். ஹொக்கைடோவின் ஒதாரு நகரத்து வெந்நீர்க் குளியலகம்தான் பிரபலமான வழக்கு. துறைமுகத்துக்கு வந்த ரஷ்ய மாலுமிகள் குடித்துவிட்டு ரகளை செய்தார்கள் என்று அங்கே வெளிநாட்டவரையே நிறுத்திவிட்டார்கள். 1999-இல் நண்பர்களோடும் குடும்பத்தோடும் போன, அமெரிக்காவில் பிறந்தவரான டெபிடோ அருடோ, தன் இரு மகள்களில் ஜப்பானியச் சாயல் உள்ளவளை விடலாம், மற்றவளை விட முடியாது என்று சொன்னார்கள் என எழுதியிருக்கிறார். கூடப்பிறந்த அக்கா தங்கை இருவரும் ஜப்பானியக் குடிமக்கள். 2002-இல் சப்போரோ மாவட்ட நீதிமன்றம், அவர் உட்பட வழக்குத் தொடுத்த மூவருக்கும் தலா 10 லட்சம் யென் தரச் சொன்னது. பாகுபாட்டைத் தடுக்க விதி செய்யாத நகராட்சி மீது தவறில்லை என்றும் சொல்லிவிட்டது. 2005-இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை.

பச்சை குத்தியவர்களை விடாதது வேறு சங்கதி. அது எல்லோருக்கும் உள்ள விதி, யாகுசா எனும் குற்றக் கும்பல்களை மனதில் வைத்து வந்தது. ஆனாலும் 2013-இல் நியூசிலாந்திலிருந்து வந்த ஒரு மவோரிப் பெண்மணியை, முகத்தில் இருந்த மரபுப் பச்சைக்காக ஹொக்கைடோவில் ஒரு குளியலகம் திருப்பி அனுப்பி, அது பெரிய விவாதமானது. கையில் பச்சை குத்திய நம் ஊர்ப் பாட்டியைக் கூட்டிப் போனாலும் இதே கதைதான். மேலே ஒட்டி மறைக்கத் தோல் நிறப் பட்டி கடையில் கிடைக்கிறது.

இவ்வளவு முன்னேறின நாட்டுல பாகுபாட்டுக்கு எதிரா சட்டமே இல்லையா?

இனப் பாகுபாட்டை மொத்தமாகத் தடை செய்யும் சட்டம் இல்லை. ஐநாவின் இனப் பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையில் 1995-இல் சேர்ந்தார்கள். உள்நாட்டுச் சட்டம் வரவில்லை. அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவு சமத்துவம் பேசுகிறது, ஆனால் வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் நடுவே அது நேரடியாக வராது. எனவே வழக்கறிஞர்கள் சுற்றி வளைத்து, சிவில் சட்டத்தின் 709-ஆவது பிரிவைப் பிடிக்கிறார்கள்: பிறர் உரிமையைத் தவறாகக் கெடுத்தவர் ஈடு தர வேண்டும் என்பது அது.

ஒதாரு வழக்கு அப்படித்தான் ஜெயித்தது. அதற்கு முன்னால் ஹமமட்சுவில், பிரேசில்காரர் என்று தெரிந்ததும் நகைக்கடையிலிருந்து வெளியேறச் சொல்லப்பட்ட பத்திரிகையாளர் அனா போர்ட்ஸ், 1999-இல் 15 லட்சம் யென் பெற்றார். அந்தத் தீர்ப்பு ஐநா உடன்படிக்கையையும் எடுத்துப் பேசியது. நம்மவர் வழக்கும் ஒன்று உண்டு. வீடு விசாரித்த ஓர் இந்தியரின் தோல் "சாதாரண நிறமா" என்று தொலைபேசியில் கேட்ட தரகு நிறுவனம் நஷ்டஈடு தர வேண்டும் என்று 2003-இல் சைதாமா மாவட்ட நீதிமன்றம் சொன்னது.

வெறுப்புப் பேச்சுக்கு எதிராக 2016-இல் ஒரு தேசியச் சட்டம் வந்தது. மீறினால் தண்டனை எதுவும் அதில் இல்லை. கவாசாகி நகரம்தான் ஒரு படி மேலே போய், திரும்பத் திரும்பச் செய்பவருக்கு 5 லட்சம் யென் வரை அபராதம் என்று 2019-இல் நகர விதி போட்டது.

ஆபீஸ்ல எப்படி? ஒரே வேலைக்குச் சம்பளம் குறைச்சுக் கொடுப்பாங்களா?

கொடுத்தால் சட்ட மீறல். தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, சம்பளம், வேலை நேரம் முதலியவற்றில் தேசத்தைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. ஓட்டை எங்கே என்றால், வேலைக்கு எடுப்பதை இந்தப் பிரிவு தொடுவதில்லை. மேலே சொன்ன 2016 கணக்கெடுப்பில், வேலை தேடியவர்களில் நான்கில் ஒருவர் வெளிநாட்டவர் என்பதால் மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள்.

உள்ளே போன பிறகு வருவது பெரும்பாலும் மௌனமான ஒதுக்கல். முடிவை மாலையில் குடிக்கப் போகும் இடத்தில் எடுத்துவிட்டு, காலைக் கூட்டத்தில் அறிவிப்பார்கள். நீங்கள் குடிக்க மாட்டீர்கள் என்று கூப்பிடாமலே விட்டிருப்பார்கள். குடிக்காவிட்டாலும் ஊலாங் தேநீர் வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள் என்பதுதான் என் யோசனை. அது உங்கள் கடமையா என்றால் இல்லை. போகிறவர்களுக்குப் பலன் இருக்கிறது, அவ்வளவுதான். மேலாளர் நிறத்தையோ நாட்டையோ வைத்து இழிவாகப் பேசினால் தேதியோடு எழுதி வையுங்கள். அதிகாரத் துன்புறுத்தல் பற்றிய சட்டம் 2022 ஏப்ரல் முதல் சிறு நிறுவனங்களுக்கும் பொருந்துகிறது. புகார் கேட்க ஓர் ஏற்பாடு எல்லா இடத்திலும் இருந்தாக வேண்டும்.

பிள்ளையை ஜப்பானியப் பள்ளியில சேர்த்தா கேலி பண்ணுவாங்களோ?

பண்ணலாம். நிறம், சுருட்டை முடி, டிபன் பாக்ஸ் எல்லாமே கண்ணில் படும். அதைவிட முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே கட்டாயக் கல்வி பொருந்தாது. வார்டு அலுவலகத்துக்குப் போய் நீங்களே விண்ணப்பித்தால் இலவசமாகச் சேர்த்துக்கொள்வார்கள். போகாவிட்டால் பல இடங்களில் யாரும் தேடி வர மாட்டார்கள். 2019-இல் கல்வி அமைச்சகம் எண்ணிப் பார்த்தபோது, பள்ளியில் இல்லாமல் இருக்கக்கூடிய வெளிநாட்டுப் பிள்ளைகள் சுமார் 20 ஆயிரம் என்று தெரிந்தது.

பள்ளி எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்கப் பார்க்கும், ஜப்பானியப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான். இயற்கையிலேயே பழுப்பு முடி கொண்ட ஒசாகா மாணவியைத் திரும்பத் திரும்ப மை பூசச் சொன்ன வழக்கில், 2021-இல் நீதிமன்றம் 3.3 லட்சம் யென் தரச் சொன்னது, ஆனால் முடி விதி தவறில்லை என்றது. கேலி நடந்தால் வகுப்பாசிரியரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள், கடிதமாகக் கொடுங்கள். இங்கே காகிதத்துக்கு இருக்கும் மரியாதை மனிதருக்கு இல்லை.

ஜப்பானியக் குடியுரிமை வாங்கிட்டா பிரச்சினை தீருமா?

காகிதத்தில் தீரும், முகத்தில் தீராது. வங்கி, ஓட்டு, விசாக் கவலை எல்லாம் போய்விடும். ஸைர்யூ கார்டும் வைத்திருக்க வேண்டாம். ஆனால் வழியில் நிறுத்தும் காவலருக்கு அது எப்படித் தெரியும்? ஒதாருவில் அருடோ 2000-இல் குடியுரிமை பெற்ற பிறகு மறுபடி போய்ப் பார்த்தார். அப்போதும் விடவில்லை, பார்க்க ஜப்பானியர் மாதிரி இல்லையாம்.

மறுபக்கமும் உண்டு. புனேக்காரரான யோகேந்திர புராணிக், குடியுரிமை பெற்று 2019-இல் எங்கள் எடோகவா வார்டு மன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு இபராகி மாகாணத்தில் ஓர் அரசுப் பள்ளியின் தலைமையாசிரியரும் ஆனார். இந்தியக் குடியுரிமையை விட வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வைத்து முடிவெடுங்கள்.

2025 தேர்தலுக்கு அப்புறம் நிலைமை மோசமாயிடுச்சாமே?

பேச்சு மோசமாகியிருக்கிறது. அந்த ஜூலையில் நடந்த மேலவைத் தேர்தலில், "ஜப்பானியர் முதலில்" என்று பிரசாரம் செய்த சான்செய்தோ கட்சி 14 இடம் பிடித்தது. அடுத்த மாதம் மோடி டோக்கியோ வந்தபோது, ஐந்தாண்டில் இரு நாட்டுக்கும் இடையே 5 லட்சம் பேர் போய்வர ஏற்பாடு என்று அறிவித்தார்கள். அதில் 50 ஆயிரம் பேர் இந்தியாவிலிருந்து வரும் திறன் பணியாளர்கள். உடனே இணையத்தில் கூச்சல் கிளம்பியது. அதுவரை துருக்கியிலிருந்து வந்த குர்து இனத்தவரையும் சீனர்களையும் திட்டிக்கொண்டிருந்தவர்கள் நம் பக்கமும் திரும்பினார்கள்.

"வெளிநாட்டவரால் குற்றம் பெருகுகிறது" என்பதுதான் அடிக்கடி கேட்பது. 2005 வாக்கில் வெளிநாட்டவர் சுமார் 20 லட்சம் பேர். கைதான வெளிநாட்டவர் எண்ணிக்கை உச்சத்தில் இருந்ததும் அப்போதுதான். இன்று ஆட்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, கைதானவர்கள் அன்றைவிடக் குறைவு. இதைச் சொன்னால் கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

நாம ஐடி ஆளுங்க. நேபாளி, வங்கதேசத்துக்காரங்களோட சேர்த்துப் பாக்குறாங்களே, அதான் கடுப்பா இருக்கு.

இது கேள்வியே இல்லை என்றாலும் அடிக்கடி வருவதால் பதில் சொல்கிறேன். வீட்டு உரிமையாளர் போனில் "இந்தியர்" என்று கேட்டுக் கதவைச் சாத்தியபோது உங்களுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதே வேலையைத்தான் இந்த வாக்கியத்தில் நீங்களும் செய்கிறீர்கள்.

இங்கே நிஜமாக நசுங்குகிறவர்கள் தொழில்நுட்பப் பயிற்சியாளர் விசாவில் வரும் வியட்நாம், இந்தோனேசிய இளைஞர்கள். முதலாளி எவ்வளவு மோசமானாலும் வேலை மாற முடியாது என்பதே அந்தத் திட்டத்தின் பெரிய குறை. 2023-இல் மட்டும் 9 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையிடத்தை விட்டு ஓடினார்கள். 2024-இல் அந்தத் திட்டத்தையே மாற்றச் சட்டம் போட்டுவிட்டார்கள். புதியது 2027-இல் வரும். நம் சென்னையில் வீடு தேடிய மணிப்பூர்ப் பையனையும், "நீங்க என்ன ஆளுங்க?" என்று விசாரிக்கப்பட்ட தம்பியையும் கேட்டுப் பாருங்கள், இந்தப் பக்கத்தின் பாதியை அவர்களே எழுதிக் கொடுப்பார்கள்.

கடை பேரைப் போட்டு ட்விட்டர்ல கிழிச்சிடலாமா?

பொறுங்கள். ஜப்பானில் அவதூறு குற்றவியல் குற்றம். சொன்னது உண்மை என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. பொதுநலன் சார்ந்தது, பொதுநலனுக்காகவே சொன்னது என்பதையும் காட்ட வேண்டும். கோபத்தில் எழுதிய வசைக்கு இழிவுரைச் சட்டமும் தனியாக இருக்கிறது, 2022-இல் அதன் தண்டனையைச் சிறை வரை உயர்த்தினார்கள். கடைக்காரர் புகார் கொடுத்து, மறுக்கப்பட்ட நீங்களே குற்றம் சாட்டப்பட்டவராக நிற்க வேண்டி வரலாம்.

போர்டைப் படம் எடுங்கள், தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். உங்களுடன் நடந்த பேச்சை நீங்கள் பதிவு செய்தால் சிவில் வழக்குகளில் பொதுவாக ஏற்கிறார்கள். சமூக வலைத்தளம் அதற்குப் பிறகு.

சரி, எங்கே போய்ப் புகார் கொடுக்கிறது?

நீதி அமைச்சகத்தின் மனித உரிமை ஆலோசனைப் பிரிவு பல மொழிகளில் பேசும். தமிழ் எதிர்பார்க்காதீர்கள், ஆங்கிலம் உண்டு. அவர்கள் விசாரித்து எதிர்த் தரப்பைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. கடைக்காரர் மன்னிப்புக் கேட்டால் போதும் என்பவருக்கு இது உதவும். பணமோ தீர்ப்போ வேண்டும் என்றால் ஹோதெராசு என்ற அரசு சட்ட உதவி மையம் வழக்கறிஞரைக் காட்டும். முறையான விசாவோடு வசிக்கும், வருமானம் குறைந்த வெளிநாட்டவருக்குக் கட்டணத்தை முன்கூட்டிக் கொடுத்தும் உதவும். டோக்கியோவில் யோட்சுயா அருகே 2020-இல் திறந்த ஃப்ரெஸ்க் என்ற மையத்தில் குடிவரவு, தொழிலாளர், சட்ட உதவி அலுவலகங்கள் ஒரே தளத்தில் இருக்கின்றன. சம்பளப் பிரச்சினைக்குத் தொழிலாளர் தரநிலை ஆய்வு அலுவலகம்.

வழக்குப் போட்டா அடுத்த விசா புதுப்பிக்கும்போது பழிவாங்குவாங்களா?

சிவில் வழக்குத் தொடுத்தது விசா மறுக்கக் காரணமல்ல. போர்ட்ஸோ ஒதாரு வழக்கைத் தொடுத்தவர்களோ அதனால் நாட்டை விட்டு அனுப்பப்படவில்லை. புதுப்பிக்கும்போது பார்ப்பது வரி, ஓய்வூதியப் பங்கு, மருத்துவக் காப்பீடு ஒழுங்காகக் கட்டினீர்களா என்பதைத்தான். வேலை மாறினால் 14 நாளுக்குள் குடிவரவு முகமைக்குத் தெரிவிக்க வேண்டும். வீடு மாறினால் அதே 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும். மறுக்கப்பட்ட கோபத்தில் வேலையை விட்டுவிட்டு இதை மறந்தவர்களுக்குத்தான் சிக்கல் வந்திருக்கிறது.

காலக் கெடு ஒன்று இருக்கிறது. யார் செய்தது, என்ன பாதிப்பு என்று தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். செலவையும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கடையிலிருந்து விரட்டப்பட்ட ஒரு கறுப்பின அமெரிக்கர், முதல் நீதிமன்றத்தில் தோற்று, 2006-இல் ஒசாகா உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். கிடைத்தது 3.5 லட்சம் யென். வழக்கறிஞர் கட்டணத்தை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.